பல்லி சொன்ன சாட்சி

நம் வீடுகளில் யாராவது ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது சுவரில் பல்லி சப்தம் கொடுத்துவிட்டால் போதும். சொன்னவர் பேச்சை நிறுத்தி, விரலால் தரையைத் தட்டி, "பார்த்தீர்களா, பல்லியே சொல்லிவிட்டது" என்பார். அதற்கு மேல் அந்தப் பேச்சுக்கு மறுப்பு இல்லை. எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன், உடம்பில் எங்கே விழுந்தால் என்ன பலன் என்று நம் பஞ்சாங்கங்கள் பக்கம் பக்கமாக அச்சிடுகின்றன. அந்தச் சாஸ்திரத்தில் எனக்கு அவ்வளவு பிடிப்பு கிடையாது. ஆனால் பல்லி ஒரு மனிதனுடைய சத்தியத்துக்குச் சாட்சி சொல்லும் என்ற எண்ணம் மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்றால், உலகம் பொய்யன் என்று தள்ளிவைத்த ஒரு கிழவனுக்குப் பல்லி இனம் ஒன்று அப்படிச் சாட்சி சொல்லியிருக்கிறது. அந்தப் பல்லி நம் வீட்டுப் பல்லி அல்ல. பச்சையும் நீலமும் சிவப்புமாக, பட்டுப் புடவையின் முந்தானைபோல் மினுமினுத்துக்கொண்டு, பனை மரங்களில் பட்டப்பகலில் திரிந்த பல்லி. அது இருந்த இடம் இந்துமகா சமுத்திரத்தில் மொரீஷியஸுக்குக் கிழக்கே சுமார் 600 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் ரோட்ரிக்ஸ் என்ற சின்னத் தீவு.

கிழவனின் பெயர் பிரான்ஸுவா லெகா. பிரெஞ்சுக்காரர், மதத்தில் புராட்டஸ்டெண்டு. 1685-ல் பிரான்ஸின் 14-ஆம் லூயி மன்னர், புராட்டஸ்டெண்டுகளுக்கு முன்னோர் கொடுத்திருந்த உரிமைச் சாசனத்தை ரத்துச் செய்தார். கோயிலும் போயிற்று, குடியிருப்பும் போயிற்று. ஆயிரக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி ஓடினார்கள். லெகாவும் 1689-ல் ஹாலந்துக்கு ஓடி வந்தார். அப்போது அங்கே ஒரு திட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. ஹென்றி டுகேன் என்ற பிரபு, ரெயூனியன் தீவில் அகதிகளுக்கென்று ஒரு புது நாட்டையே ஸ்தாபிக்கப்போவதாகச் சொல்லி, அதற்கு 'ஏதேன்' என்றும் பெயர் வைத்து ஆள் சேர்த்தார். வீடு வாசல் இழந்தவர்களிடம் சொர்க்கத்தைப் பற்றிப் பேசினால் யார்தான் வரமாட்டார்கள்? ஆனால் திட்டம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் 1690-ல் ஒரே ஒரு சிறு கப்பல்தான் புறப்பட்டது. கப்பலின் பெயர் 'தகைவிலான் குருவி' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். அந்தக் கப்பல் ரெயூனியனில் இவர்களை இறக்கவில்லை. அதைத் தாண்டிக்கொண்டு போய், 1691-ஆம் வருஷம் மனித வாடையே இல்லாத ரோட்ரிக்ஸில் எட்டுப் பேரைக் கரையேற்றிவிட்டுப் போய்விட்டது. லெகாவுக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல். மற்றவர்கள் எல்லாரும் வாலிபர்கள்.

இரண்டு வருஷம் அங்கே இருந்தார்கள். குடிசை கட்டிக்கொண்டார்கள், விதை போட்டார்கள். கொண்டுபோன விதைகளில் பல வீணாயின. முளைத்ததையும் எலியும் நண்டும் தின்றன. முலாம்பழம் மட்டும் அமோகமாகக் காய்த்தது. ஆமைகள் மந்தை மந்தையாக மேய்ந்தன. வாத்து போன்ற பறவை, பறக்கத் தெரியாத பறவை, என்ன பறவை ஆனாலும் மனிதனைக் கண்டு ஓடவில்லை. லெகாவுக்கு அந்த இடத்தை விட்டு வர மனமில்லை. வாலிபர்களுக்கோ பெண் வாசனையே இல்லாத சொர்க்கம் சலித்துப் போயிற்று. தாங்களே ஒரு படகு கட்டினார்கள். முதல் தடவை பாறையில் மோதித் திரும்பினார்கள். பிறகு ஒருவன் நோயில் மாண்டான். 1693 மே மாதம் மிச்சம் ஏழு பேரும் அந்த ஓட்டைப் படகில் மொரீஷியஸ் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அப்போது டச்சு ஆட்சி. கவர்னர் இவர்களிடம் இருந்த அம்பர் கட்டி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, இவர்களைக் கடலோரத்துப் பாறைத் திட்டில் கைதிகளாக ஏறக்குறைய மூன்று வருஷம் அடைத்துவைத்தார். பிறகு பட்டேவியாவுக்கு அனுப்பினார்கள், அங்கே விசாரணை, குற்றம் இல்லை என்று விடுதலை. 1698-ல் லெகா ஐரோப்பா திரும்பினார். பத்து வருஷம் கழித்து, 1708 என்று தேதியிட்டு அவருடைய பிரயாணப் புத்தகம் லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் வெளியாயிற்று. ராபின்சன் குரூசோ கதை வருவதற்குப் பதினோரு வருஷம் முன்பு.

அந்தப் புத்தகத்தில் பல்லிகளைப் பற்றி வருவது கொஞ்சம்தான். பனைகளில் எப்போதும் பல்லிகள் நிறைந்திருக்கும். சுமார் ஓர் அடி நீளம். அவற்றின் அழகு அசாதாரணமானது. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, சாம்பல் என்று பல நிறம், எல்லாமே பளபளப்பானவை. பனைப்பழந்தான் அவற்றின் ஆகாரம். யாருக்கும் தீங்கு செய்யா. இத்தனையும் சரி. அடுத்து ஒன்று சொல்கிறார்: நாங்கள் முலாம்பழம் சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பல்லிகள் மேஜைக்கே வந்து எங்கள் எதிரில், எங்கள் கையிலிருந்தே தின்னும் என்று. இவை பகலில் வருபவை. இரவில் வரும் வேறொரு பல்லியும் இருந்ததாம். சாம்பல் நிறம், பார்க்க அவலட்சணம், மனிதன் கையளவு நீளமும் பருமனும்.

மனிதனோடு பந்தியில் உட்கார்ந்து பழம் தின்னும் பல்லி! ஐரோப்பாவில் இருப்பவர்கள் கண்டது கல் இடுக்கில் வெயில் காய்ந்துவிட்டு ஆள் நிழல் பட்டதும் மின்னலாய் மறையும் ஓணானைத்தான். அது பூச்சி தின்னும், பழம் தின்னாது. அங்கே படித்தவன் ஒருவன் இதை எப்படி எடுத்துக்கொள்வான் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவநம்பிக்கை புத்தகம் வந்த காலத்திலிருந்தே இருந்தது. அதற்கு ஒரு சட்டமான உருவம் கொடுத்தவர் ஜெஃப்ராய் அட்கின்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1921-ல் அவர் எழுதிய கட்டுரையில், இது பிரயாண நூலே அல்ல, 1708-ல் எழுதப்பட்ட ஒரு தனித் தீவு நாவல் என்று தீர்ப்புச் சொன்னார். எழுதியவர் லெகா அல்ல. லண்டனில் இருந்த மிஸ்ஸோன் என்ற அகதி எழுத்தாளர். தீவுக்கு யாரும் போகவில்லை. ஜந்துக்கள், செடிகள் எல்லாம் வேறு பிரயாணிகளின் புத்தகங்களிலிருந்து பொறுக்கியவை. வாதம் மோசமான வாதம் என்று சொல்லமாட்டேன். புத்தகத்தில் இரவல் சரக்கு இருக்கிறது. இடையிடையே நீளமான உபதேசங்கள் வருகின்றன. முன்னுரையில் மிஸ்ஸோனின் கை தெரிகிறது. அந்தக் காலத்தில் போகாத ஊருக்குப் போனதாக எழுதுவது ஒரு பிழைப்பாகவே நடந்துவந்தது.

ஆனால் 'நாவல்' என்ற சொல்லை ஒரு மனிதன் மேல் குற்றப்பத்திரிகையாகச் சுமத்தும்போது, நாவல் எழுதியே வயிறு வளர்க்கும் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. மாடு மேய்க்காதவன் மாட்டைப் பற்றி எழுதினால் மாடு மேய்த்தவனுக்குத் தெரிந்துவிடும். அதுபோல, கற்பித்து எழுதுவது எப்படி என்பது கற்பித்து எழுதுகிறவனுக்குத் தெரியாமல் போகாது. கற்பனையாக ஒரு பல்லியை மேஜைக்கு வரவழைக்கிறவன் அதற்கு ஒரு காரணம் வைப்பான். அது எஜமானைப் பார்த்துத் தலையாட்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும். ஒரு நாள் பாம்பிலிருந்து அவனைக் காப்பாற்றும். லெகா வைக்கும் காரணம் ஒன்றே ஒன்று: முலாம்பழம். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இந்த வறட்சிதான் என்னை முதலில் நிறுத்தியது. பிறகு இந்தப் பல்லி இனத்தின் வாழ்க்கையைப் பற்றித் தேடிப் படிக்கப் படிக்க, அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று தெரிந்தது.

இவற்றுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் பெல்சூமா. பெல்சும் என்ற டச்சு வைத்தியரின் ஞாபகமாக 1825-ல் கிரே என்ற ஆங்கிலேயர் சூட்டிய பெயர். ஐம்பது வகைக்கு அருகே இருக்கின்றன. பெரும்பாலும் மடகாஸ்கரிலும், அதைச் சுற்றியுள்ள கொமரோ, செஷெல்ஸ், மொரீஷியஸ், ரெயூனியன் தீவுகளிலும், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டியும் வாழ்கின்றன. ஒரே ஒரு வகை மட்டும் கூட்டத்தை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி நம் அந்தமானில் இருக்கிறது. 1861-ல் பிளைத் என்பவர் அதை வருணித்தார். அந்தமானில் குடியேறியிருக்கும் நம்மவர்கள் வாழை மட்டையிலும் வீட்டுத் தாழ்வாரத்திலும் அந்தப் பச்சைப் பல்லியைப் பார்த்திருப்பார்கள். பல்லியா ஓணானா என்று தெரியாமல் திகைத்துமிருப்பார்கள்.

திகைப்புக்குக் காரணம் உண்டு. பல்லிக் குலம் பெரும்பாலும் இரவுக் குலம். விளக்கைச் சுற்றும் பூச்சிக்காகக் காத்திருக்கும், உடம்பு மங்கல், கண்ணின் பாப்பா பகலில் பூனைக்கண் போல் கோடாகச் சுருங்கும். பெல்சூமாவோ எந்தக் காலத்திலோ பகலுக்குக் குடிமாறிவிட்டது. அதன் பாப்பா வட்டமானது. பகலில் நடமாடுகிறவனுக்கு நிறம் தெரியும். நிறம் தெரிந்தால் அலங்காரத்துக்கும் அர்த்தம் உண்டு. இலைப் பச்சை உடம்பு, முதுகில் செம்புள்ளி அல்லது செங்கோடு, சிலவற்றுக்கு வாலும் பிடரியும் மயில் நீலம். வெயில் ஏறினால் பச்சை பளீரென்று எரியும். குளிரிலோ பயத்திலோ அதே உடம்பு கறுத்துப் பாசி நிறமாகிவிடும். லெகா, கறுப்பு, பச்சை, நீலம், சிவப்பு என்று அடுக்கியது பல வகைப் பல்லிகளை அல்ல, ஒரே பல்லியின் பல வேளைகளை என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

பழக்கவழக்கங்கள் வேடிக்கையானவை. ஆண் பல்லி தனக்கென்று ஒரு மரத்தை, அல்லது மரத்தின் ஒரு பாகத்தைப் பட்டா போட்டுக்கொள்ளும். வேறொரு ஆண் எல்லைக்குள் வந்தால் தலையை மேலும் கீழும் ஆட்டி, உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கிப் பெரிதாகக் காட்டும். பெரும்பாலும் இந்த மிரட்டலிலேயே வியாஜ்யம் தீர்ந்துவிடும். கண்ணுக்கு இமை கிடையாது. தூசி விழுந்தால் நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே துடைத்துக்கொள்ளும். விரல்களில் நகம் இல்லை; அகன்ற விரல் நுனியின் அடியில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. வழவழப்பான இலையிலும் அது தலைகீழாக ஓடுவது அவற்றால்தான். பசை ஒன்றும் இல்லை. எதிரி பிடித்தால் வாலைக் கழற்றிக் கொடுப்பது நாம் அறிந்ததே. இது தோலையும் கொடுக்கும். அவசரமாகப் பிடித்தால் தோல் உரிந்து கையில் வந்துவிடும், பல்லி தப்பிவிடும், தோல் பிறகு வளரும். பெண் பல்லியின் கழுத்தில் இரு பக்கமும் சிறு புடைப்புகள் தெரிவதுண்டு. அவை சுண்ணாம்புச் சத்துப் பைகள். முட்டை ஓட்டுக்கு முன்கூட்டியே சேர்த்துவைக்கும் சேமிப்பு. ஒரு தடவைக்கு இரண்டு முட்டை. தாழை மடலின் அடியிலோ, பனை மட்டை இடுக்கிலோ, பட்டைப் பொந்திலோ வைக்கும். சில வகைகளில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை இருந்த இடத்தின் சூடே தீர்மானிக்கிறது.

இவற்றையெல்லாம்விட நமக்கு வேண்டிய விஷயம் அதன் நாக்கு. பெல்சூமா பூச்சி தின்னும். ஆனால் அதன் ஆசையெல்லாம் இனிப்பில். பூந்தேனை நக்கும். கனிந்த பழத்தில் வாய் வைக்கும். மரப்பிசினை விடாது. மடகாஸ்கரில் மரச் சாற்றை உறிஞ்சி இனிப்புத் துளி கழிக்கும் ஒருவகைப் பூச்சி உண்டு. பல்லி அதன் முன் போய் நின்று தலையை ஆட்டும். பூச்சி ஒரு துளியைப் பல்லியின் பக்கம் விடும். பல்லி அதை நக்கிக்கொண்டு போகும். நம் ஊரில் கோனார் பசுவிடம் கறப்பதுபோல்தான். 2001-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் இதை எழுதி வெளியிட்டார்கள்.

மொரீஷியஸில் நடப்பது இன்னும் விசேஷம். அங்கே சில செடிகளின் பூந்தேன் நிறமுள்ளது. சிவப்பாகவும் மஞ்சளாகவும் இருக்கும். உலகத்தில் பூந்தேன் பொதுவாகத் தண்ணீர் நிறம். அருவிப் பாறைகளின் செங்குத்தில் தொங்கும் ஒரு செடியின் மணிப் பூவில் ரத்தத் துளி போல் தேன் நிற்கும். யாருக்காக இந்த ஜோடனை என்று வெகுநாள் புரியவில்லை. 2006-ல் ஹான்சன் என்ற விஞ்ஞானியும் அவருடைய நண்பர்களும் பொய்ப் பூக்கள் செய்து, சிலவற்றில் நிறத்தேனும் சிலவற்றில் வெறும் தேனும் ஊற்றி, பகல் பல்லிகளிடம் காட்டினார்கள். பல்லிகள் நிறத்தேனைத்தான் தேர்ந்தெடுத்தன. ரூசியா என்ற செடிக்கு மகரந்தம் கொண்டுபோவதும் பல்லி, பழம் தின்று விதையைப் பரப்புவதும் அதே பல்லி. மொரீஷியஸ் தவிர அந்தச் செடி உலகத்தில் வேறெங்கும் இல்லை. இன்னொரு செடி தாழைப் புதருக்குப் பக்கத்தில் நின்றால் அதிகமாகக் காய்க்கிறது. தாழையில் பல்லி குடியிருப்பதால் வாசலிலேயே இருக்கும் பூவுக்கு அடிக்கடி வந்துபோகிறது. வண்டும் தேனீயும் பார்க்கும் உத்தியோகத்தை இங்கே பல்லி பார்க்கிறது.

இனி லெகாவின் மேஜைக்குத் திரும்புவோம். தீவில் ஆள் கிடையாது, பூனை கிடையாது, பாம்பு கிடையாது. பெரிய உருவம் ஒன்று பக்கத்தில் வந்தால் ஓட வேண்டும் என்று கற்றுக்கொள்ளத் தேவையே ஏற்படாத பிராணி. நிறத்தையும் இனிப்பையும் தேடி அலைகிற நாக்கு. அதன் எதிரே, அந்தத் தீவு அதுவரை கண்டிராத சாறு சொட்டும் ஒரு பழத்தை அறுத்து வைக்கிறார்கள். பல்லி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இன்றைக்கும் அந்தத் தீவுகளில் பகல் பல்லிகள் சாப்பாட்டு மேஜையில் ஜாமையும் பழச்சாற்றையும் நக்க வருகின்றன. 1708-ல் லண்டன் அறைக்குள் உட்கார்ந்து எழுதும் ஒருவனுக்கு இது தெரிய வழியில்லை. பல்லிக்கு இனிப்பு ஆசை என்று அவன் இரவல் வாங்கப் புத்தகம் எதுவும் ஐரோப்பாவில் இல்லை. எந்த இடத்தில் வாசகன் 'அளக்கிறான்' என்று சிரித்தானோ, அந்த இடத்தில்தான் அந்த மனிதன் சத்தியத்தின் மேல் காலூன்றி நிற்கிறான் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கிழவர் மேல் கோபமும் வந்தது, நம்பிக்கையும் வந்தது. பல்லிகளைத் தின்னும் பறவை ஒன்று அங்கே இருந்தது. குருகு என்று அவர் நினைத்தார். வக்கா இனம் என்று பின்னாளில் கிடைத்த எலும்புகள் காட்டின. இவர்கள் கழியால் மரத்திலிருக்கும் பல்லிகளைத் தட்டி விழச் செய்வார்கள். பறவைகள் ஓடிவந்து இவர்கள் எதிரிலேயே விழுங்கும். பொழுதுபோக்கு! நேற்று கையிலிருந்து பழம் தின்ற அதே பல்லிதான். தன்னை உத்தமனாகக் காட்ட ஒரு கதை கட்டுகிறவன் முலாம்பழத்தோடு நிறுத்திக்கொண்டிருப்பான். கழியைப் பற்றி எழுதியிருக்கமாட்டான். மதத்துக்காக வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்கள், ஒரு நாளும் விரட்டப்படாத பிராணியைக் கழியால் தட்டினார்கள். அதைத் தவறு என்றும் அவர் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

வேறு சாட்சிகளும் இருந்தன. ரோட்ரிக்ஸில் வாழ்ந்த பறக்காத பெரும் பறவை ஒன்றைத் 'தனியன்' என்று பெயரிட்டு லெகா விரிவாக எழுதியிருந்தார். அதன் இறக்கை நுனியில் துப்பாக்கிக் குண்டு அளவில் ஓர் எலும்புக் குமிழ் உண்டு, சண்டைக்கு அதைத்தான் உபயோகிக்கும் என்றார். பறவை 18-ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துபோயிற்று. குமிழையும் கட்டுக்கதைக் கணக்கில் சேர்த்தார்கள். 1860-களில் குகைகளிலிருந்து எலும்புகள் மூட்டை மூட்டையாக வந்தன. மொரீஷியஸில் உத்தியோகம் பார்த்த எட்வர்ட் நியூட்டனும் அவர் அண்ணன் ஆல்ஃபிரட் நியூட்டனும் 1869-ல் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார்கள். எலும்பில் குமிழ் இருந்தது. இதற்குப் பிறகும் ஐம்பது வருஷம் கழித்து அட்கின்சன் 'நாவல்' என்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். படிப்பு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும். எலும்பு ஒரு பக்கம் கிடக்கும். இரண்டும் சந்திப்பதில்லை. டச்சுக் கம்பெனியின் பழைய பதிவேடுகளில் ரோட்ரிக்ஸிலிருந்து வந்து சேர்ந்த பிரெஞ்சு அகதிகளைப் பற்றிய குறிப்புகள் இருந்தன. மொரீஷியஸைச் சேர்ந்த ஆல்ஃபிரட் நார்த்-கூம்ப்ஸ் இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து, லெகாவுக்கு நியாயம் கேட்டு 1979-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். இன்று லெகா தீவுக்குப் போனார் என்பதில் தகராறு இல்லை. முன்னுரையும் உபதேசங்களும் மிஸ்ஸோன் மெருகிட்டவை என்பதையும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். லெகா 1735-ல் லண்டனில், தொண்ணூறு வயதுக்கு மேல் வாழ்ந்து இறந்தார்.

சாட்சி சொன்ன பல்லிகளின் கதி வேறு. எலி முன்பே தீவில் இருந்தது என்பதை லெகாவின் பக்கங்களிலேயே பார்க்கிறோம். 18-ஆம் நூற்றாண்டில் ஆமை பிடிக்கக் கப்பல்கள் வந்து பல்லாயிரக்கணக்கில் ஏற்றிப் போயின. பிறகு பூனை வந்தது. பிறகு நெருப்பும் கோடரியும் பனங்காட்டை அழித்தன. சாம்பல் நிற இரவுப் பல்லி, கையளவு என்று லெகா சொன்னது, எலி ஏறாத ஒரு சின்னத் திட்டில் ஒதுங்கிக் கொஞ்ச காலம் உயிரை வைத்துக்கொண்டிருந்தது. லியேனார் என்பவர் 1842-ல் அதற்கு விஞ்ஞானப் பெயர் கொடுத்தார். பெயர் கிடைத்த கையோடு அது மறைந்தது. தலை முதல் வால் வரை சுமார் 40 சென்டிமீட்டர். பெல்சூமாக்களில் அதைவிடப் பெரியது எதுவும் அறியப்படவில்லை. முலாம்பழம் தின்ன வந்த பகல் பல்லிக்குப் பூலஞ்சே என்ற லண்டன் விஞ்ஞானி 1884-ல் நியூட்டனின் பெயரை வைத்தார். பளிச்சென்ற பச்சை உடம்பு, முதுகில் நீலப் புள்ளிகள். 1917-ல் கடைசியாகப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு எவர் கண்ணிலும் படவில்லை.

மொரீஷியஸில் மீந்திருக்கும் வகைகளுக்கும் புதுப்புது இடையூறுகள். மடகாஸ்கரிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்து விட்ட பெரிய பச்சைப் பல்லி ஒன்று 1990-களிலிருந்து பரவி, தன் சின்ன உறவினர்களையே தின்கிறது. எங்கிருந்தோ வந்த வெள்ளைக்கால் எறும்பு ரூசியாப் பூவை மொய்த்துக்கொண்டு பல்லியை அண்டவிடாமல் துரத்துகிறது. பல்லி வராவிட்டால் காய் இல்லை. நம் ஊர் மூஞ்சூறும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. நம் சுவர்களில் சகுனம் சொல்லும் வீட்டுப் பல்லியும் கப்பல் ஏறி மொரீஷியஸிலும் ரோட்ரிக்ஸிலும் குடியேறிவிட்டது. அது புகுந்த திட்டுகளில் அங்கே ஆதியிலிருந்த இரவுப் பல்லிகள் ஒதுங்கிப் போகின்றன.

நல்ல செய்தியும் இல்லாமல் இல்லை. மொரீஷியஸுக்கு வடக்கே 'வட்டத் தீவு' என்று ஒரு பாறைத் தீவு இருக்கிறது. அழிந்துபோன சாம்பல் பல்லிக்குச் சொந்தமான ஒரு வகை அங்கே இன்னும் வாழ்கிறது. அந்தத் தீவில் எலி ஒருபோதும் கால்வைக்கவில்லை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் யாரோ விட்ட ஆடும் முயலும் பனங்கன்றுகளை வேரோடு மேய்ந்துவிட்டன. 1979-ல் ஆடுகளையும், 1986-ல் முயல்களையும் அப்புறப்படுத்தினார்கள். பனை மறுபடி தழைக்கத் தொடங்கிற்று, பல்லியும் பிழைத்துக்கொண்டது.

ரோட்ரிக்ஸில் 2007 முதல் லெகாவின் பெயரால் ஒரு வனப் பாதுகாப்பிடம் இருக்கிறது. தீவின் பழைய மரங்களை நட்டு வளர்க்கிறார்கள். தீவின் சொந்த ஆமைகள் அழிந்துவிட்டதால் அல்டாப்ரா தீவின் ஆமைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். பல்லிக்கு அப்படி மாற்று ஆள் வைக்க முடியவில்லை. நியூட்டனின் பெயர் பெற்ற பல்லிகள் சில, லண்டன் மியூசியத்தில் சாராயப் புட்டிகளில் இருக்கின்றன. சாராயத்தில் ஊறும் பச்சைப் பல்லியின் தோலிலுள்ள மஞ்சள் கரைந்துபோய், நாளடைவில் நீலம் மட்டும் மிஞ்சும் என்கிறார்கள்.